சாலையோர ஊழியம்: அடுத்த வாரமும் வருவீர்களா?

கிறிஸ்துமஸை ஒட்டிய பத்து நாளில் சென்னை பிராட்வே, வால்டாக்ஸ் சாலை, எழும்பூர்ப் பக்கம் நடைபாதையில் படுத்திருப்பவருக்கு ஒரே இரவில் இரண்டு மூன்று பிரியாணிப் பொட்டலம் வந்துவிடும். போர்வையும் அப்படித்தான். ஊழியத்துக்கு வந்த ஒரு கிறிஸ்தவ சபையின் வேன் கிளம்பியதும் அடுத்த சபையின் வேன் வந்து நிற்கும். பிப்ரவரியில் அதே இடத்தில் எந்த வேனையும் காணோம்.

பகலில் போர்வையை வைத்துக்கொள்ள அவருக்கு இடம் ஏது? சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு வேலைக்குப் போனால், குப்பை வண்டி அள்ளிக்கொண்டு போயிருக்கும். சென்னையில் தெருவில் படுப்பவரைப் படுத்துவது குளிரைவிடக் கொசுவும் மழையும்தான். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்பே, அக்டோபர் முதல் வாரத்தில், மடித்துப் பைக்குள் செருகிக்கொள்ளும்படியான ஒரு பிளாஸ்டிக் ஷீட்டும் கொசுவுக்குத் தடவும் களிம்பும் கொடுத்தால் அவை நாலு மாதம் உதவும். காணிக்கையை டிசம்பரில் மொத்தமாகச் செலவழிக்காமல் பன்னிரண்டு மாதத்துக்கும் பிரித்து வையுங்கள்.

இயேசு சொன்ன கதையில், வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு நல்ல சமாரியன் காயம் கட்டியதை எல்லாரும் பிரசங்கிக்கிறோம். சத்திரக்காரனிடம் இரண்டு தெனாரியம் கொடுத்து, மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று சொல்லிப் போனானே, அந்த வார்த்தையில்தான் இந்த ஊழியமே இருக்கிறது. அதே கிழமை, அதே நேரம், அதே முகங்கள். மூன்று மாதம் இடைவிடாமல் போக முடியாத குழு தெருவில் இறங்க வேண்டாம். அந்தப் பணத்தை ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கும் குழுவிடம் கொடுத்துவிடுவது நல்லது.

தெருவில் இருப்பவர்கள் எல்லாரும் ஒரே மாதிரியானவர்கள் அல்ல. பாரிமுனை, சவுகார்பேட்டைப் பக்கம் மூன்று தலைமுறையாக நடைபாதையிலேயே குடும்பம் நடத்துபவர்கள் இருக்கிறார்கள். மூட்டை தூக்குவது, பூக் கட்டுவது, மீன்பாடி வண்டி ஓட்டுவது என்று உழைத்துச் சாப்பிடுபவர்கள். அவர்களிடம் போய்ச் சோற்றுப் பொட்டலத்தை நீட்டினால் அவமானம். பிள்ளையின் பள்ளிச் சேர்க்கை, சாதிச் சான்று, குளிக்க மறைவிடம், இவைதான் அவர்களுடைய கவலை. வெளியூரிலிருந்து வேலைக்கு வந்து தனியாகப் படுப்பவர், பிள்ளைகள் கைவிட்ட முதியவர், மனநோயோடு அலைபவர், குடியில் விழுந்தவர் என்று ஒவ்வொருவரின் தேவையும் வேறு. எரிகோ சாலையோரம் பிச்சையெடுத்த பர்திமேயுவுக்குக் கண் தெரியாதது எல்லாருக்கும் தெரியும். அவனிடமே, உனக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று இயேசு கேட்டாரே! நாம் கேட்பதே இல்லை.

இரவு எட்டரையிலிருந்து பத்தரை மணிக்குள், ஆட்கள் படுக்கையை விரிக்கும் நேரத்தில் போங்கள். இருவர் இருவராகப் பிரியுங்கள். குழுவில் பெண்கள் இருவராவது இருக்கட்டும். நின்றபடி குனிந்து பேசாமல் அவர் பக்கத்தில் தரையில் உட்காருங்கள். ஐயா, அம்மா, அண்ணே, அக்கா என்றே கூப்பிடுங்கள். தூங்குபவரைத் தொட்டு எழுப்பாதீர்கள். தெருவில் தூக்கத்தில் உடம்பில் கை பட்டால், பெண்களுக்கு முக்கியமாக, அது ஆபத்தின் அறிகுறி. தலைமாட்டில் சோற்றை வைத்துவிட்டு வருவதும் வேண்டாம். நாயும் எலியும்தான் தின்னும்.

சாப்பாட்டில் தவறு எங்கே நேர்கிறதென்றால், மாலை ஐந்து மணிக்குக் கட்டிய பொட்டலத்தை இரவு பத்து மணிக்குக் கொடுப்பதில். சூடான தயிர்சாதத்தைப் பிளாஸ்டிக் கவரில் கட்டினால் உள்ளேயே வேர்த்துப் புளித்துவிடும். தேங்காய்ச் சட்னி அதற்கும் முன்னால் கெடும். சமைத்து இறக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் கைக்குப் போய்ச் சேர வேண்டும். முடியாவிட்டால் ஹாட் பாக்ஸில் ஆவி பறக்க வைத்திருந்து அங்கேயே பரிமாறுங்கள். நாலு இட்லிக்குப் பொடியும் நல்லெண்ணெயும் தடவி வாழையிலையில் கட்டியது, ஓடு உரிக்காத அவித்த முட்டை, வாழைப்பழம், அரை லிட்டர் தண்ணீர்: இது பல்லில்லாத பாட்டிக்கும் ஏற்கும், வயிற்றையும் கெடுக்காது. பிரியாணி தின்று நள்ளிரவில் வயிறு போனால் அவர் எங்கே போவார்? கழிப்பிடம் பூட்டிக் கிடக்கும் என்பதற்காகவே இரவுச் சாப்பாட்டைத் தவிர்க்கும் பெண்கள் நிறைய. அம்மா உணவகத்தில் 2013 முதல் இட்லி 1 ரூபாய், தயிர்சாதம் 3 ரூபாய் என்பதால், பகலில் வயிற்றை ஓட்டிவிடுபவருக்குச் சோப்பும், உள்ளாடையும், மாதவிடாய் நாப்கினும்தான் கிடைக்காத பொருள்கள்.

நாலைந்து நாளாகவே ஒன்றும் சாப்பிடாமல் சுருண்டு கிடப்பவருக்கு மட்டும் வயிறாரக் கொடுத்துவிடாதீர்கள். ரத்தத்தில் உப்புச் சத்துகளின் அளவு திடீரென்று சரிந்து இதயமே நின்றுபோகலாம். அரை டம்ளர் கஞ்சியோடு நிறுத்தி 108-ஐக் கூப்பிடுங்கள். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வயிற்றுப்போக்குக்குக் கரைத்துக் கொடுக்கும் ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைப் பொடி) பாக்கெட்டில் ஒரு லிட்டருக்கு என்று போட்டிருந்தால் ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். அரை லிட்டர் பாட்டிலில் முழுப் பாக்கெட்டையும் கொட்டினால் உப்பு கூடிப்போய்த் தீங்காகும்.

புண்ணுக்கு வருவோம். ஒவ்வொரு ஜோடியின் பையிலும் 500 மி.லி. நார்மல் சலைன் (புண் கழுவும் உப்புநீர்) இரண்டு, காஸ் துணி, ரோலர் பேண்டேஜ், மைக்ரோபோர் டேப், கத்தரிக்கோல், பத்து ஜோடி கையுறை, கழிவைப் போட ஒரு கவர் இருக்கட்டும். சலைனை ஊற்றிக் கழுவி, ஈரக் காஸை வைத்துத் தளர்வாகக் கட்டினால் போதும். திறந்த புண்ணில் ஸ்பிரிட் வேண்டாம். புழு வைத்திருந்தால் மண்ணெண்ணெய், பினாயில் ஊற்றுவதும், கிள்ளி எடுப்பதும் கூடாது. மேலே தெரிவது நாலு புழு என்றாலும் உள்ளே சதையைக் குடைந்திருக்கும், அதற்கு மருத்துவமனைதான். அதைவிட முக்கியம், இன்று கட்டிய கட்டை நாளை யார் பிரிப்பார் என்று தெரியாமல் கட்டாதீர்கள். மழையில் நனைந்து ஒரு வாரம் ஊறிய கட்டுக்கு அடியில் சர்க்கரை நோயாளியின் கால் அழுகிவிடும். பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் டிரெஸ்ஸிங்குக்கு அவரோடு யார் எந்த நாள் போவது என்று அங்கேயே முடிவு செய்யுங்கள்.

ஸ்டான்லியிலோ சென்ட்ரல் எதிரேயுள்ள பெரிய ஆஸ்பத்திரியிலோ சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் கிளம்பிவிடுகிறார்கள். வார்டில் சோறு ஊட்ட, ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போக உடனாள் இல்லாதவர், மூன்றாம் நாள் தானே எழுந்து தெருவுக்கு வந்துவிடுவார். எட்டு மணி நேரத்துக்கு ஒருவர் என்று முதல் மூன்று நாளுக்கு ஒன்பது முறையாகப் பிரித்து, சபையின் வாலிபர் சங்கத்திலும் பெண்கள் ஐக்கியத்திலும் பெயர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பாட்டுப் பாடி ஊழியம் செய்வதைவிட இது கடினம், ஆனால் உயிர் பிழைப்பது இதில்தான்.

தினமும் குடிப்பவரை ஆதரவற்றோர் இல்லத்துக்குக் கூட்டிப்போய்க் கதவைப் பூட்டி ஜெபத்தால் நிறுத்தப் பார்ப்பது கொலைக்குச் சமமாக முடியலாம். திடீரென்று நிறுத்தினால் முதல் நாளிலேயே கை நடுங்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாளை ஒட்டி இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிந்து கத்துவார். அது பிசாசின் வேலை இல்லை, மூளை மதுவின்றித் தவிப்பது. உடனே மருத்துவமனை. மனநோய் உள்ளவரிடமும் அப்படியே: அவர் சாப்பிடும் மாத்திரையை நிறுத்தச் சொல்ல எந்தப் போதகருக்கும் உரிமையில்லை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகள் இல்லம் ஒன்றில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் தீயில் வெந்துபோனார்கள். இன்றைக்குச் சங்கிலியால் கட்டுவது 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி தடைசெய்யப்பட்டது, அது எந்த மதத்தின் இல்லமானாலும். அதே சட்டத்தின் 100-ஆம் பிரிவு, தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாமல் அலைபவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் கடமையைக் காவல் நிலைய அதிகாரிக்குத் தந்திருக்கிறது. எழுத்தில் மனு கொடுத்துக் கேளுங்கள். மனநல ஆலோசனைக்கு 14416.

தனியாக இருக்கும் குழந்தையை வீட்டுக்கோ விடுதிக்கோ கொண்டுபோகவே கூடாது. 1098-க்குச் சொல்லுங்கள், 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக்குழு முன் நிறுத்தியாக வேண்டும். முதியோருக்கு 14567.

இல்லத்துக்கு வரச் சம்மதித்தவர்கூட இரண்டாம் நாள் ஓடிவிடுவதற்குப் பெரும்பாலும் காரணம் அவருடைய மூட்டை. அழுக்குத் துணிக்குள் பழைய ரேஷன் கார்டு ஜெராக்ஸ், மகளின் போட்டோ, ஒரு போன் நம்பர் எழுதிய துண்டுச் சீட்டு என்று அவருடைய வீடே அதில்தான் இருக்கும். குளிக்க வைக்கும் அவசரத்தில் அதைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். அவர் கண் முன்னால் வேறு பையில் போட்டு, பெயரெழுதி, அவர் கையிலேயே கொடுங்கள். முடிவெட்டுவதும் சவரமும் அவர் கேட்டால் மட்டும். முன்-பின் போட்டோ எடுத்து சபையின் வாட்ஸ்அப்பில் போடுவதை அடியோடு நிறுத்துங்கள். மகன் வீட்டார் கண்ணில் பட்டு அவர் கூனிக் குறுகவா நாம் போனோம்?

பொட்டலத்தோடு இயேசுவைப் பற்றிய கைப்பிரதி வேண்டாம். பசித்தவன் வாங்கித்தான் ஆக வேண்டும், மறுக்க முடியாது. மறுக்க முடியாதவனிடம் சொல்வது நற்செய்தி ஆகாது. ஜெபிக்கக் கேட்டால் ஜெபியுங்கள், முருகா என்று சொல்பவருக்கும் அதே இட்லி.

எல்லாவற்றோடும் ஒரு நோட்டு வேண்டும். பெயர், சொந்த ஊர், வயது, படுக்கும் இடம், என்ன நோய், என்ன மாத்திரை, யாருக்குத் தகவல் சொல்லலாம். சொல்ல விரும்பாததைக் கேட்காதீர்கள். பத்தாவது வாரம் தானாகச் சொல்வார். நோட்டு பொறுப்பாளர் ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். தெருவில் ஒருவர் இறந்துவிட்டால் போலீஸ் பதிவேட்டில் அடையாளம் தெரியாத ஆண், சுமார் 60 வயது என்று எழுதுவார்கள். நோட்டில் ஊர்ப் பெயர் இருந்தால் அந்த ஊர்க் காவல் நிலையத்துக்குத் தகவல் போகும். யாரும் வராவிட்டால், அவர் இந்துவா முஸ்லிமா கிறிஸ்தவரா என்று சொல்லி, அவருடைய முறைப்படி அடக்கம் செய்யச் சொல்லவும் உங்களால் முடியும்.