லேபிள் சொல்லாத பாதி: களைக்கொல்லியின் துணைப்பொருளும் வயல் நத்தையும்

பயிர்ப் பாதுகாப்பு ஆலோசனைக்கு வயலுக்குப் போனால் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "களைக்கொல்லிதானே சார், அது செடியைத்தான் கொல்லும், நத்தைக்கும் மீனுக்கும் என்ன ஆகப்போகுது?" பல களைக்கொல்லிகளில் களையைக் கொல்லும் மூலப்பொருளான கிளைபோசேட்டை மட்டும் வைத்துப் பார்த்தால் இதில் ஓரளவு நியாயம் உண்டு, ஏனென்றால் அது முடக்கும் நொதி செடிகளிலும் சில நுண்ணுயிர்களிலும்தான் இருக்கிறது, விலங்குகளில் கிடையாது. ஆனால் கேனுக்குள் இருப்பது கிளைபோசேட் மட்டும் இல்லையே.

கிளைபோசேட் தண்ணீரில் கரைகிற பொருள், மெழுகு படிந்த இலைக்குள் அவ்வளவு லேசில் இறங்காது. அதை இறக்கிவிடத்தான் சோப்பு போல வேலை செய்யும் துணைப்பொருளைக் கலக்கிறார்கள். பல காலம் அதிகம் புழங்கியது பி.ஓ.இ.ஏ. என்பது. மெழுகைக் கடக்க உதவும் அதே குணம், தண்ணீரில் கலந்ததும் செவுளின் மெல்லிய சவ்வைக் கெடுக்கிறது. 1979இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ட்ரவுட் மீன்களில் பாதி 4 நாளில் சாக லிட்டருக்கு 140 மில்லிகிராம் கிளைபோசேட் தேவைப்பட்டது. கிளைபோசேட்டும் துணைப்பொருளும் சேர்ந்த ரவுண்டப் கலவையில் 8.3 மில்லிகிராமே போதுமாக இருந்தது, துணைப்பொருள் தனியாக என்றால் வெறும் 2. காரத்தன்மை கூடிய தண்ணீரில் கலவையின் நஞ்சு இன்னும் ஏறுகிறது, பாசி பிடித்த வயல் தண்ணீரில் மதிய வெயிலில் காரம் கூடுவது சாதாரணம்.

சரி, நத்தைக்கு வருவோம். நம் வயல் நத்தைக்குச் செவுளும் உண்டு, நுரையீரலும் உண்டு. ஆபத்தென்றால் மூடியை இறுக்கிக்கொள்ளும், ஆனால் எவ்வளவு நேரம் அப்படி இருக்க முடியும்? பி.ஓ.இ.ஏ. மண்ணிலும் சேற்றிலும் நன்றாக ஒட்டிக்கொள்ளும், நத்தை ஊர்ந்து மேய்வதும் அங்கேதான். அது முட்டையிடுவது தண்ணீருக்குள் இல்லை, கரையோர ஈரமண்ணில், அதாவது வரப்பில். நாம் களைக்கொல்லி அடிக்கும் இடமும் அதே வரப்புதான்.

இதைவிட என்னைக் கவலைப்பட வைப்பது டேங்க் கலவை. களைக்கொல்லியோடு கூடுதலாக ஒட்டும் திரவம், சிலர் ஷாம்பு, சிலர் பூச்சிமருந்தையும் சேர்த்து ஒரே டேங்கில் ஊற்றி அடிக்கிறார்கள். சவ்வு ஏற்கெனவே சேதமானால் பூச்சிமருந்து உடம்புக்குள் போவது சுலபமாகலாம். எல்லாக் கலவையிலும் இப்படித்தான் நடக்கும் என்று சொல்ல மாட்டேன், துணைப்பொருளின் நுண்துளிகள் மருந்தைப் பிடித்து வைத்து வீரியத்தைக் குறைப்பதும் உண்டு. தனித்தனியாகச் சோதித்த எண்ணை வைத்துக் கலவையைக் கணிக்க முடியாது என்பதுதான் இதில் பெரிய சிக்கல்.

நத்தை போனால் நத்தைகுத்தி நாரைக்கு இரை போகும், டெல்டாவில் நத்தையை வேகவைத்துச் சாப்பிடும் குடும்பங்களின் உணவும் போகும். டப்பாவில் இருக்கும் வண்ண முக்கோணம் இதைச் சொல்லாது. அது எலி போன்ற பாலூட்டிகளில் பார்த்த நஞ்சை வைத்துக் கொடுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2016இல் கிளைபோசேட் கலவைகளில் பி.ஓ.இ.ஏ.வைத் தடை செய்தது.

வாய்க்காலை ஒட்டிய வரப்பில் களையை அரிவாளால் அறுத்துவிடுங்கள். வேறு இடத்தில் மருந்து அடிக்கும்போதும், லேபிளில் சொல்லாத ஒட்டும் திரவத்தைச் சேர்க்காதீர்கள். கடையில் வாங்கும்போது "இதில் என்ன துணைப்பொருள் இருக்கு?" என்று கேளுங்கள், கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் கம்பெனி ஆளிடம் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். அப்புறம், டேங்கை வாய்க்காலிலோ குளத்திலோ கழுவவே கழுவாதீர்கள்.