துணிக்கூரைக் காரின் பின்ஜன்னல்: ஏன் மங்குகிறது, எப்படி மாற்றுகிறார்கள்?

1989இல் சிகாகோ கார் கண்காட்சியில் மாஸ்டா அறிமுகப்படுத்திய எம்எக்ஸ்-5 மியாட்டா, இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய குட்டிக் கார். வினைல் கூரையைக் கையாலேயே மடித்துப் பின்னால் தள்ளிவிடலாம். கண்ணாடியை மடிக்க முடியாது. அதனால் பின்ஜன்னலுக்கு நிறமற்ற பிளாஸ்டிக் தாளைப் போட்டு, அதைச் சுற்றி ஒரு ஜிப்பும் வைத்தார்கள். புதிதாக இருக்கும்போது பளிச்சென்று இருக்கும். சில வருடம் வெயிலில் நின்றால் போதும், பின்னால் வருவது லாரியா பஸ்ஸா என்றே தெரியாது.

அந்தத் தாள் பிவிசி என்ற பிளாஸ்டிக்; வினைல் என்பதும் இதைத்தான். வீட்டில் தண்ணீர்க் குழாயாக இருப்பதும் இதேதான். வெறும் பிவிசி சுமார் 80 டிகிரி செல்சியஸ் வரை விறைப்பாகவே இருக்கும். வளைய வேண்டுமானால் பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய் போன்ற திரவத்தைத் தாராளமாகக் கலக்க வேண்டும். அது நீண்ட மூலக்கூறு இழைகளுக்கு நடுவே புகுந்து, அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்க இடம் தருகிறது. ஆனால் இழைகளோடு வேதிப்பிணைப்பு ஏதும் இல்லாததால் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடும். வெயில் அதை வேகப்படுத்தும். எண்ணெய் குறைந்த தாளைக் குளிர்ந்த காலையில் மடித்தால் மடிப்பிலேயே விரிசல் விடும். மியாட்டாக்காரர்கள் கூரையை இறக்குமுன் ஜிப்பைத் திறந்து ஜன்னலைத் தட்டையாகப் படுக்க வைப்பது இதனால்தான். முதல் தலைமுறை போர்ஷே பாக்ஸ்டரில் மோட்டாரே கூரையை மடிக்கும்; ஆனாலும் பாதியில் நிறுத்தி, பிளாஸ்டிக் ஒழுங்காக மடிய கையால் ஒரு தட்டுத் தட்டுவது அங்கே வழக்கம்.

மஞ்சளாவது வேறு கதை. புற ஊதாக் கதிரும் சூடும் சேர்ந்து பிவிசியிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடைப் பிடுங்குகின்றன. அது போன இடத்தில் கார்பன் அணுக்களுக்கிடையே இரட்டைப் பிணைப்பு உருவாகிறது. ஒன்றுவிட்டு ஒன்றாக ஏழெட்டு இரட்டைப் பிணைப்புகள் தொடர்ந்தால் அந்தப் பகுதி நீல ஒளியை உறிஞ்சிவிடும். மிச்சம் கண்ணுக்கு மஞ்சள். போதாக்குறைக்கு, வெளியேறும் அமிலமே சிதைவை இன்னும் தூண்டிவிடும்.

பாலிஷ் போட்டால் சரியாகுமா? ஜன்னலில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். ஈரமானதும் தெளிவாகத் தெரிந்தால் கோளாறு மேற்பரப்பின் நுண்ணிய கீறல்களில்தான்; கீறலுக்குள் காற்றுக்குப் பதில் தண்ணீர் நிரம்பியதும் ஒளி சிதறுவது குறைகிறது. இதற்குப் பாலிஷ் உதவும். நனைத்த பிறகும் மஞ்சளாகவே இருந்தால் பாலிஷ் வாங்கும் காசு வீண், மாற்றத்தான் வேண்டும்.

தொழிற்சாலைகளில் ஜன்னலை ஒட்ட விநாடிக்குக் கோடிக்கணக்கான முறை திசை மாறும் 27.12 மெகாஹெர்ட்ஸ் மின்புலத்தைப் பயன்படுத்துவதுண்டு. குளோரின் இருப்பதால் பிவிசி மூலக்கூறுகள் அந்தப் புலத்தோடு சேர்ந்து ஆடி, உள்ளுக்குள்ளேயே சூடேறி உருகி ஒட்டிக்கொள்ளும். பட்டறையில் அந்த மெஷின் கிடையாது, தையல்தான். அதில் முதல் விதி, பழைய ஜன்னலை அவசரப்பட்டு வெட்டி எடுக்கக் கூடாது. இழுத்துக் கட்டியிருக்கும் கூரைக்கு வடிவம் தருவதில் அதற்கும் பங்குண்டு; எடுத்துவிட்டால் திறப்பு கோணிக்கொள்ளும். கூரையைச் சட்டத்திலிருந்து கழற்றி மேசையில் விரித்து, பழையதன்மேல் புதுத் தாளை வைத்து ஓரத்தைக் குறித்துக்கொள்வார்கள். அப்புறம் ஒரு பக்கத் தையலைப் பிரித்து, அங்கே புதியதைத் தைத்த பிறகுதான் அடுத்த பக்கம்.

வினைலில் ஊசி போட்ட ஓட்டை மூடாது. அதனால் குண்டூசிக்குப் பதில் கிளிப். தையல் நெருக்கமாக விழுந்தால் தபால்தலை ஓரம் மாதிரி கிழிந்து வரும். 4 மில்லிமீட்டர் இடைவெளி நல்லது. மெஷினின் உலோகப் பாதம் தாளில் ஒட்டி இழுக்கும், டெஃப்லான் பாதம் வழுக்கிக்கொண்டு போகும். நூல் புற ஊதாவைத் தாங்கும் பாலியெஸ்டராக இருக்கட்டும், சாதாரணப் பருத்தி நூல் ஜன்னலுக்கு முன்பே மக்கிவிடும். தாளைத் தைக்கும் முன் கொஞ்ச நேரம் இளவெயிலில் போட்டால் இளகிப் படியும். குளிரில் இழுத்துத் தைத்தது கோடையில் விரிந்து சுருக்கம் விழும். ஜிப் உள்ள ஜன்னலென்றால் ஜிப்பின் இரண்டு பாதிகளையும் சேர்த்தே மாற்றுவது புத்திசாலித்தனம், புதுப் பல்லும் பழைய பல்லும் பெரும்பாலும் ஒன்றோடொன்று பொருந்தாது.

1998இல் வந்த இரண்டாம் தலைமுறை மியாட்டாவில் சூடேற்றும் கம்பிகளோடு நிஜக் கண்ணாடியே வந்துவிட்டது. பாக்ஸ்டர் 2003 மாடலில் மாறியது. அந்த மியாட்டாக் கூரை பழைய காரின் சட்டத்திலும் பொருந்துவதால், பிளாஸ்டிக் போனதும் பலர் கண்ணாடிக் கூரையையே வாங்கிப் போட்டுவிடுகிறார்கள். செலவு கூடுதல். ஜிப்பை மட்டும் திறந்து காற்று வாங்கும் வசதியும் போய்விடும்.