வாழைத்தண்டுச் சாறு பித்தப்பைக்குப் போகாது

வயிற்று ஸ்கேனில் பித்தப்பையில் கல் என்று வந்துவிட்டால், பல வீடுகளில் முதலில் வாங்கி வருவது வாழைத்தண்டுதான். சிறுநீரகக் கல்லுக்குப் பாட்டி காலத்திலிருந்து கொடுப்பது, கல் என்றால் எல்லாம் ஒன்றுதானே என்ற நினைப்பு. ஆனால் சிறுநீரகக் கல் பெரும்பாலும் கால்சியம் ஆக்சலேட். நிறையத் தண்ணீர் குடித்துச் சிறுநீர் பெருகினால், சின்னக் கல் அதோடு வெளியேறிவிடும். பித்தப்பை அந்தப் பாதையிலேயே இல்லை. வாழைத்தண்டுச் சாறும் கொள்ளு ரசமும் எவ்வளவு குடித்தாலும் அங்கே இருக்கும் கல்லைத் தொடாது.

கொழுப்பைச் செரிக்க உதவும் பித்தநீரைக் கல்லீரல் ஒரு நாளைக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை சுரக்கிறது. நாம் சாப்பிடாத நேரத்தில் அதில் ஒரு பகுதி கல்லீரலுக்கு அடியில் இருக்கும் பித்தப்பையில் போய்ச் சேர்கிறது. அதன் கொள்ளளவு 30 முதல் 50 மில்லிதான். அதனால் பை தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு, பித்தநீரைப் பல மடங்கு கெட்டியாக்கி வைக்கிறது. பித்தநீரில் கொலஸ்ட்ராலும் உண்டு. அது தண்ணீரில் கரையாது. பித்த உப்புகளும் லெசித்தின் என்ற கொழுப்புப் பொருளும்தான் அதைக் கரைசலில் பிடித்து வைத்திருக்கின்றன. அவை தாங்கும் அளவை மீறிக் கொலஸ்ட்ரால் சேர்ந்தால், சர்க்கரை மிஞ்சிய பாகு ஆறும்போது பூத்துப்போவதுபோல, நுண்ணிய படிகங்கள் உண்டாகின்றன.

படிகம் உண்டானதுமே கல் ஆகிவிடாது. அது பைக்குள்ளேயே தங்கி, சளிப்படலத்தில் ஒட்டி, வளர நேரம் வேண்டும். அந்த நேரத்தைக் கொடுக்காமல் இருப்பது பையின் சுருக்கம். கொழுப்போ புரதமோ முன்சிறுகுடலை எட்டியதும் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் சுரக்கும், பித்தப்பை சுருங்கும், உள்ளே இருப்பது குடலுக்குள் வடியும். பித்தப்பைக் கல்லுக்கான உணவு பற்றிப் பேசும்போது இந்தச் சுருக்கத்தைத்தான் முதலில் மனதில் வைக்க வேண்டும் என்பேன்.

உடம்பு இளைக்க வேண்டும் என்று காலை உணவை விட்டு, எண்ணெயை அடியோடு நிறுத்தி, கஞ்சியிலேயே நாளை ஓட்டுபவர்களை நினைத்தால் கவலையாக இருக்கிறது. வாரத்துக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் எடை குறைந்தால் கல் உண்டாகும் வாய்ப்பு கூடுகிறது. கரையும் உடல் கொழுப்பிலிருந்து கல்லீரல் அதிகக் கொலஸ்ட்ராலைப் பித்தநீருக்குள் தள்ளுகிறது. கொழுப்பே வராததால் பையும் சுருங்காமல் கிடக்கிறது. எடை குறைக்கும்போதும் தினம் 7 முதல் 10 கிராம் கொழுப்பு இருந்தால் பை ஒழுங்காகச் சுருங்குகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இரண்டு டீஸ்பூன் நல்லெண்ணெய் போதும். நேரத்துக்குச் சாப்பாடு, மைதாவையும் சர்க்கரையையும் குறைத்துக் கீரை, பருப்பு, சிறுதானியம், ஒரு கைப்பிடி வேர்க்கடலை என்று கூட்டிக்கொள்வது, மெதுவாக எடை குறைப்பது: தடுப்புக்கு இதைவிடப் பெரிய ரகசியம் கிடையாது.

"எண்ணெய்ப் பலகாரமே தொடாத எனக்கு எப்படிக் கல் வந்தது?" என்று கேட்பவர்கள் உண்டு. கர்ப்ப காலத்தில் ஹார்மோன்கள் பித்தநீரில் கொலஸ்ட்ராலைக் கூட்டிப் பையைத் தளர்த்துகின்றன. அப்புறம், எல்லாக் கல்லும் கொலஸ்ட்ரால் கல் அல்ல. சிவப்பணுக்கள் சிதையும்போது உண்டாகும் பிலிருபின் என்ற நிறமியால் ஆன கறுப்புக் கற்கள் வட இந்தியாவைவிடத் தென்னிந்தியாவில் அதிகம். சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிச் சிதையும் நோய்களிலும் கல்லீரல் சுருக்க நோயிலும் இவை வருகின்றன. எண்ணெயைக் குறைத்து இவற்றைத் தடுக்க முடியாது.

கல் வந்த பிறகு கணக்கு மாறுகிறது. அதுவரை காப்பாற்றிய அதே சுருக்கம், இப்போது கல்லைப் பையின் கழுத்துக்குத் தள்ளி அடைக்கலாம். கல்யாண விருந்தோ பிரியாணியோ சாப்பிட்ட ராத்திரி, வலது மேல்வயிற்றில் பிடித்துத் தோள்பட்டை வரை போகும் வலி இப்படித்தான் வருகிறது. ஆகவே வலி வந்தவர்கள் கொழுப்பைக் குறைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துச் சாப்பிடுவது நல்லது. வலி குறையும், கல் அப்படியே இருக்கும்.

மஞ்சளையும் இதே கண்ணோடு பார்க்கலாம். மஞ்சளில் இருக்கும் குர்குமின் என்ற பொருள் வெறும் 20 மில்லிகிராம் இருந்தாலே பித்தப்பையைச் சுருங்க வைக்கிறது என்று 1999இல் இந்தோனேசிய ஆய்வாளர்கள் ஸ்கேன் வைத்துக் காட்டினார்கள். கல் இல்லாதவருக்கு அது நல்லதாக இருக்கலாம். கல்லோடு இருப்பவர் குர்குமின் மாத்திரையாக வாங்கி விழுங்கினால் வலியை வரவழைத்துக்கொள்ளக் கூடும். சாம்பாரில் போடும் மஞ்சளுக்குப் பயப்பட வேண்டாம். வெந்தயம், பூண்டு, வெங்காயம் ஆகியவை கல் உண்டாவதைக் குறைத்ததாக மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வுகள் சொல்கின்றன. அவை சுண்டெலிகளில் நடந்தவை. சமையலில் தாராளமாகச் சேர்க்கலாம், மருந்தாக நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது.

ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்தால் கல் மலத்தோடு வந்துவிடும் என்ற வைத்தியம் வாட்ஸ்அப்பில் இன்னும் சுற்றுகிறது. நியூசிலாந்தில் ஒரு பெண் அப்படிக் குடித்து, வெளியே வந்த பச்சை நிறக் 'கற்களை'ச் சேர்த்துவைத்து மருத்துவர்களிடம் கொடுத்தார். 2005இல் லான்செட் மருத்துவ இதழில் அதன் முடிவு வந்தது. அவற்றில் கொலஸ்ட்ரால், பிலிருபின், கால்சியம் எதுவுமே இல்லை. 40 டிகிரி சூட்டில் உருகிப்போயின. குடித்த எண்ணெயும் எலுமிச்சையின் பொட்டாசியமும் வயிற்றுக்குள் சேர்ந்து உண்டான சோப்பு உருண்டைகள் அவை.

நிஜமாகவே கல்லைக் கரைக்கும் ஒரு பொருளும் பழைய வைத்தியத்திலிருந்துதான் வந்தது. சீன மருத்துவம் பயன்படுத்திய கரடிப் பித்தத்தில் இருக்கும் அர்சோடியாக்சிகோலிக் அமிலம் அது. இன்று ஆய்வகத்தில் தயாரித்து மாத்திரையாகத் தருகிறார்கள். சின்ன, கால்சியம் படியாத கொலஸ்ட்ரால் கற்களுக்கு மட்டும், அதுவும் மாதக்கணக்கில் சாப்பிட்டால் கேட்கும். கல் கரைந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஐந்து வருடத்துக்குள் மறுபடி வந்துவிடுகிறது. அதனால்தான் தொல்லை தரும் கல்லுக்குப் பையையே எடுத்துவிடச் சொல்கிறார்கள். தற்செயலாக ஸ்கேனில் தெரிந்து, வலியே தராத கல்லுக்குப் பெரும்பாலும் எதுவும் செய்யத் தேவையில்லை.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். கல் பித்தக்குழாய்க்குள் இறங்கி அடைத்துக்கொண்டால் கண் மஞ்சளாகும், சிறுநீர் அடர்நிறமாகப் போகும், குளிர்காய்ச்சலும் வரலாம். மஞ்சள் காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துவிட்டு நாலு நாள் பார்க்கலாம் என்று இருந்தால், கிருமி ரத்தத்தில் கலக்கலாம், கணையமும் வீங்கலாம். எண்டோஸ்கோப்பி மூலம் அந்தக் கல்லை எடுத்து அடைப்பை நீக்க முடியும். அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.