தைத்து மூடியதைத் திறக்கும் நேரம்

சோமாலியாவில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் ஏறக்குறைய 99 சதவீதம் பேருக்குப் பெண்ணுறுப்புச் சிதைப்பு நடந்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் வகுத்த நான்கு வகைகளில் மூன்றாவதுதான் மிகக் கொடியது. பெண்ணுறுப்பின் உதடுகளை வெட்டி, இரு ஓரங்களையும் சேர்த்து மூடிவிடுவார்கள். தழும்பு ஒட்டும்வரை கால்களைக் கட்டிவைப்பது பழைய வழக்கம். சிறுநீருக்கும் மாதவிலக்குக்கும் மிஞ்சுவது ஒரே ஒரு சிறு துளை.

மருத்துவரோ செவிலியரோ இவர்களிடம் "சிறுநீர் கழிக்கச் சிரமமா?" என்று கேட்டுப் பயனில்லை. சிறு வயதிலிருந்தே அப்படித்தான் என்பதால், "இல்லை" என்றே பதில் வரும். "எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேளுங்கள். சொட்டுச் சொட்டாகப் போவதும், தழும்புக்கு அடியில் தேங்கி அடிக்கடி கிருமித்தொற்று வருவதும் அப்போதுதான் தெரியவரும்.

ஆறு ஆப்பிரிக்க நாடுகளில் சுமார் 28,000 பெண்களைக் கவனித்து 2006இல் வெளியான ஆய்வில், சிதைப்பு நடக்காதவர்களைவிட மூன்றாம் வகையினருக்கு சிசேரியன் 30 சதவீதமும் பிரசவத்துக்குப் பிந்தைய அதிக இரத்தப்போக்கு 70 சதவீதமும் கூடுதல். தழும்புக்கு நெகிழ்வு கிடையாது. குழந்தையின் தலை வரும்போது கிழியும். ஆனால் சோதிக்க விரல் நுழையவில்லை என்பதற்காக மட்டுமே சிசேரியனுக்குக் கத்தியை வயிற்றில் வைப்பது அவசரபுத்தி. தடை வாசலில்தான்.

கர்ப்பத்தின் நடுப்பகுதியிலோ பிரசவ வலியின்போதோ தழும்பைத் திறக்கலாம். மரத்துப்போக ஊசி போட்டு, தழும்புக்கு அடியில் விரலைக் கொடுத்துக் காத்துக்கொண்டு, நடுக்கோட்டில் மேல்நோக்கி, சிறுநீர்த்துளை தெரியும்வரை வெட்ட வேண்டும். அதற்கு மேலே போகக்கூடாது; கிளிட்டோரிஸ் (உணர்ச்சி மிகுந்த சிறு உறுப்பு) உள்ளே பத்திரமாக இருக்கலாம். ஓரங்களைத் தனித்தனியாகத் தைக்க வேண்டும். குடும்பம் கேட்டாலும் மறுபடி மூடக்கூடாது. இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. சிறுநீர் இனி வேகமாகப் பாயும் என்பதையும் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பயந்துபோவார்கள்.

கென்யாவின் தராக்கா பகுதியில் 1996இல் இந்தச் சிதைப்புச் சடங்கிலிருந்து கத்தியை மட்டும் விலக்கி, பெண்களைத் தனியே வைத்துப் பாடம் சொல்வதையும் விருந்தையும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். பருவச் சடங்காக ஊரறிய நடக்கும் இடத்துக்கு அது பொருந்தும். சோமாலியரிடம் பெரும்பாலும் 5 முதல் 9 வயதுக்குள் முடிந்துவிடுகிறது. மாற்றிவைக்க அங்கே ஊர்ச்சடங்கு இல்லை. அங்கே பேசுவதற்கு வாய்ப்பு பிரசவ வார்டுதான்: பிறந்தது பெண் குழந்தை என்றால், வீட்டுக்கு அனுப்புமுன் தாயோடு கணவரையும் பாட்டியையும் உட்காரவைத்து, இவளுக்கு இதைச் செய்யாதீர்கள் என்று பேச வேண்டும்.