ஒரே பூச்சில் பல பச்சை

செடிகொடிகளின் வளைகோடுகளை அலங்காரமாகக் கொண்ட ஆர்ட் நூவோ பாணிச் சுவர் ஓடு ஒன்றைச் சன்னல் வெளிச்சத்தில் சற்றே சாய்த்துப் பாருங்கள். வளைந்து ஏறும் தண்டின் மேட்டில் பச்சை வெளிறியிருக்கும்; இலையின் குழிவில் அதே பச்சை, பாசி படர்ந்த குளம்போல் கறுத்துக் கிடக்கும். தேர்ந்த ஓவியர் தீட்டிய நிழல் என்றே தோன்றும். ஆனால் அந்த இலை முழுவதிலும் இருப்பது ஒரே கலவையாலான பூச்சுதான். நிழலைத் தருவது அதன் தடிமன்.

இங்கிலாந்தில் ரிச்சர்ட் பிராசர் 1840-இல் காப்புரிமை பெற்ற முறையில், ஏறத்தாழ உலர்ந்த களிமண் தூளை உலோக அச்சுக்குள் இட்டு இறுக அழுத்துவார்கள். ஈரம் குறைவாக இருப்பதால் ஓடு அதிகம் சுருங்காது, கோணாது. தண்டும் இதழும் நரம்பும் அச்சிலிருந்தே மேடுபள்ளமாக விழுந்துவிடும்.

முதல் முறை சுட்ட ஓடு நுண்துளைகள் நிறைந்தது. மணல்சத்தான சிலிக்காவும் ஈய ஆக்சைடும் நிறமூட்டும் உலோக ஆக்சைடும் கலந்த குழம்பை அதன்மேல் பூசியதும் நீரை ஓடு உறிஞ்சிக்கொள்ள, பொடிப்படலம் மட்டும் மேலே தங்குகிறது. இரண்டாம் முறை சூளையில் வைக்கும்போது அது உருகி, மேடுகளிலிருந்து வழிந்து, பள்ளங்களில் தேங்கி, ஆறியபின் கண்ணாடியாகிறது. வெளிச்சம் இந்தக் கண்ணாடிக்குள் புகுந்து, அடியிலுள்ள வெளிர்மண்ணில் பட்டு, மீண்டும் அதே வழியே வெளியேறுகிறது. ஆக, நிறத்தை இருமுறை கடக்கிறது. பச்சைப் பூச்சு சிவப்பொளியை உறிஞ்சும்; ஒரு தடிமனில் அது பாதியாகக் குறைந்தால், இரு மடங்கு தடிமனில் நான்கில் ஒன்றாகவும், மும்மடங்கில் எட்டில் ஒன்றாகவும் குறையும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த உயர வேறுபாடு கண்ணுக்கு இவ்வளவு ஆழமாகத் தெரிவது இதனால்தான். கணக்கு எளியது, ஆனால் வழியப்போகும் நிறத்தை முன்கூட்டியே எண்ணி அச்சைச் செதுக்கியவரின் கைத்திறன் என்னை வியக்க வைக்கிறது.

செம்பு ஆக்சைடு ஈயப் பூச்சில் இலைப்பச்சையையும், சோடா போன்ற காரப் பூச்சில் நீலப்பச்சையையும் தரும். இரும்பு தேன்நிறம் தரும். கோபால்ட் சிறிதளவே அடர்நீலத்துக்குப் போதும். ஈயம் பூச்சை எளிதில் உருகச் செய்ததோடு ஒளிவிலகலையும் கூட்டியதால்தான் அந்த ஈரப் பளபளப்பு கிடைத்தது. அதே ஈயம் பூச்சு வேலை செய்த தொழிலாளர்களின் உடலில் நஞ்சாகவும் சேர்ந்தது.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தப் பாணியை ஜப்பானியத் தொழிற்சாலைகளும் கைக்கொண்டன. அவற்றின் ஓடுகள் சிங்கப்பூர்க் கடைவீடுகளுக்கும் செட்டிநாட்டு வீடுகளுக்கும் கப்பலேறின. அதே வீடுகளின் தரையில் உள்ள ஆத்தங்குடிக் கல் சிமெண்டால் ஆனது, சூளையில் சுடாதது. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளக் கூடாது.

பழைய சுவர் ஓடுகளில் சிலந்திவலை போன்ற மயிரிழை விரிசல்களைக் காணலாம். நுண்துளை மண் பல்லாண்டுகளாக ஈரத்தை ஏற்றுச் சற்றே விரிகிறது. மேலுள்ள கண்ணாடியால் விரிய முடியாது, இழுபட்டு வெடிக்கிறது. அவ்விரிசலில் படிந்த அழுக்கைப் போக்க ஆசிட் ஊற்றுபவர்கள் உண்டு. அமிலம் ஈயப் பூச்சை அரித்து மங்கச் செய்துவிடும், போன பளபளப்பு திரும்பாது. மென்மையான துணியும் வெறும் தண்ணீரும் போதும்.