கொல்லாத காப்பகத்துக்கும் கதவு வேண்டும்

கல்யாண மாதம் வந்துவிட்டால் என் தொலைபேசிக்கு ஓய்வு கிடையாது. வருடம் முழுக்கப் பூட்டிக் கிடந்த வீடுகளைத் திறப்பார்கள். பெருக்கிக் கழுவிப் பாத்திரம் எடுக்கப் போகும்போது இரண்டாம் கட்டில் ஏதோ ஓர் அறையில், பழைய பாய்ச் சுருளுக்குப் பின்னால், கண் திறக்காத குட்டிகள் நாலு கிடக்கும். "டாக்டரம்மா, நாளைக்கு ஊரே வருது. இன்னைக்கே வந்து எடுத்துட்டுப் போயிடுங்க." கானாடுகாத்தானோ பள்ளத்தூரோ தேவகோட்டையோ, எந்த ஊரிலிருந்து வந்தாலும் இந்தப் பேச்சு மட்டும் மாறாது.

காரைக்குடிப் பக்கம் கால்நடை மருத்துவம் பார்க்கிறேன். சாயங்காலங்களில் ஒரு சிறிய பூனைக் காப்பகத்துக்கும் போகிறேன். ஒரு குடும்பத்தார் தங்கள் பழைய வீட்டின் பின்கட்டை வாடகை வாங்காமல் கொடுத்திருக்கிறார்கள். இடமில்லை, வயதாகிவிட்டது, தத்தெடுக்க ஆளில்லை என்று எந்தக் காரணம் சொல்லியும் இங்கே ஒரு பூனையைக் கொல்வதில்லை. இப்படி நடக்கும் இடத்தைத்தான் கொல்லாத காப்பகம் என்கிறோம்.

கேட்பவர்கள் எல்லோரும் "புண்ணியம்" என்பார்கள். உண்மையில் எங்கள் பக்கத்தில் பூனையைக் கொல்லத் துணிபவர்கள் குறைவு. பூனை பாவம் பொல்லாதது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். கொல்ல மனம் வராது, வைத்துக்கொள்ளவும் மனம் வராது. அதனால் குட்டிகளைச் சாக்குப் பையில் கட்டி மீன் கடைப் பக்கமோ, அடுத்த ஊர் ஊருணிக் கரையிலோ விட்டுவிட்டு வருவார்கள். பசியிலும் தாகத்திலும் வாடும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அது தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் அந்தப் பையை எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போகிறார்கள்.

அப்படி ஒரு பை சில வருடங்களுக்கு முன் ஒரு மழை இரவில் வந்தது. உள்ளே ஐந்து குட்டிகள், நனைந்து நடுங்கிக்கொண்டு. எங்களிடம் அப்போதே அளவுக்கு மேல் பூனைகள். புதிதாக வருபவற்றை இரண்டு வாரம் தனியாக வைக்கும் அறையில் பிரசவித்த தாய் ஒன்று இருந்தது. "சின்னக் குட்டிங்கதானே, ஒரு ராத்திரிதானே" என்று அடுப்படி மூலையில் மற்றக் குட்டிகளோடு வைக்கச் சொன்னேன். சொன்னது நான்தான். வேறு யார் மேலும் பழி போட முடியாது.

ஆறாம் நாள் காலையில் பழைய குட்டிகளில் ஒன்று தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கவிட்டபடி உட்கார்ந்திருந்தது. மூக்கு தண்ணீரைத் தொடுகிறது, ஆனால் குடிக்கவில்லை. முதுகு கூனி, முடி சிலிர்த்து, அசையாமல் அப்படியே. அந்த இருப்பைப் பார்த்ததுமே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நாய்களுக்கு வைத்திருந்த பார்வோ பரிசோதனைக் கிட்டையே எடுத்து மலத்தைச் சோதித்தேன். அது பூனையின் கிருமியையும் காட்டிக்கொடுக்கும். இரண்டு கோடு, நோய் இருக்கிறது. பேன்லூகோபீனியா, பூனைப் பார்வோ என்று சொல்லும் கொடிய தொற்று. ட்ரிப்ஸ், வாந்திக்கு ஊசி, ஆன்டிபயாடிக் என்று பத்து நாள் தூங்கவில்லை. பதினோரு குட்டிகள் போய்விட்டன. அவற்றில் மூன்று, தத்துக் கொடுப்பதற்கு நாள் குறித்து வைத்திருந்த குட்டிகள்.

இந்தக் கிருமி ஒரு இடத்தில் ஒட்டிக்கொண்டால் ஒரு வருடம்கூட உயிரோடு இருக்கும். பினாயிலுக்கு அது அசையாது. முதலில் அழுக்கைச் சோப்புப் போட்டுக் கழுவி, பிறகு பிளீச் கலந்த தண்ணீரை ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். எங்கள் தரையோ ஆத்தங்குடிக் கல். அந்தக் குடும்பத்தார் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துத் துடைத்துப் பளபளக்க வைத்த தரை. பிளீச் பட்டால் நிறம் போய்விடுமே என்று அவர்களுக்குக் கவலை, கிருமி போகாதே என்று எனக்குக் கவலை. கடைசியில் அந்த வீட்டு ஆச்சியே வந்து நின்று, "கல்லு போனா வேற பதிச்சுக்கலாம்மா, நீ ஊத்து" என்றார்கள். அந்த அறையின் தரை இன்றைக்கும் வெளுத்துத்தான் கிடக்கிறது.

வீடு எவ்வளவு பெரிது, இன்னும் பத்துப் பூனை இருக்கக் கூடாதா என்று வருகிறவர்கள் கேட்பார்கள். முன் தெருவில் முகப்பும் பின் தெருவில் கொல்லையுமாக நீளும் வீடுகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் வளவு என்னும் நடு முற்றமும் தாழ்வாரமும் ஒன்றோடொன்று திறந்து கிடக்கும் வீட்டில் ஒரு பூனையின் தும்மல் எல்லாப் பூனைக்கும் போகும். பூனைச் சளிக்குக் காரணமான ஹெர்ப்பிஸ் கிருமி ஒருமுறை வந்தால் அந்த உடம்பை விட்டுப் போவதே இல்லை. கூட்டம் சேர்ந்து மனஅழுத்தம் கூடினால் மறுபடி தலைதூக்கும். கண் பீளை கட்டும், வாய்ப் புண் வரும், சாப்பாடு இறங்காது. பூனை தன் எல்லையைக் காத்து வாழும் பிராணி. கூட்டமாகப் போட்டால் சண்டை போடும், இல்லையென்றால் ஓர் அலமாரிக்கு மேல் ஏறிக்கொண்டு நாள்கணக்கில் கீழே இறங்காது. ஒரு பூனைக்குக் குறைந்தது 18 சதுர அடி வேண்டும் என்பது காப்பக மருத்துவத்தில் சொல்லும் கணக்கு. அந்தக் கணக்கைப் போட்டு எங்கள் எண்ணிக்கையைக் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறோம். அது நிரம்பிவிட்டால், அழுதாலும் திட்டினாலும், இல்லை என்றுதான் சொல்கிறோம். இரக்கமில்லாதவள் என்று என் காதுபடவே சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பதினோரு குட்டிகளையும் கொன்றது என் இரக்கம்தான் என்பதை அவர்களுக்கு எப்படிச் சொல்வது?

நன்கொடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிறந்தநாள், திவசம் என்று அரிசியும் பாலும் நிறைய வருகிறது. மனம் பெரியதுதான். ஆனால் பூனைக்குச் சோறு மட்டும் போட்டால் டாரின் என்ற சத்து கிடைக்காமல் நாளடைவில் கண்பார்வையும் இதயமும் கெடும். அது இறைச்சியிலும் மீனிலும்தான் இருக்கிறது. சைவ வீட்டார் இதைக் கேட்டுச் சங்கடப்படுவது எனக்குப் புரிகிறது. அவர்கள் மணல் தட்டோ, தடுப்பூசிக்குப் பணமோ கொடுக்கலாமே. இன்னொன்று, பினாயில். கேன் கேனாக வரும். அந்த வகைத் திரவங்களை உடைத்து வெளியேற்றும் வசதி பூனையின் கல்லீரலுக்கு இல்லை. துடைத்த தரையில் நடந்து, பாதத்தை நக்கியே விஷமாகும். இதே காரணத்தால்தான் காய்ச்சல் என்று பாதி பாராசிட்டமால் கொடுத்த பூனை, ஈறு நீலம் பாரித்து என்னிடம் வருகிறது. தயவுசெய்து கொடுக்காதீர்கள், கால் மாத்திரைகூட வேண்டாம்.

எனக்கு மிகவும் கடினமான இடம் வேறு. ஒரு நாள் பைபாஸில் அடிபட்ட பூனையை ஒரு கல்லூரித் தம்பி துண்டில் சுற்றிக் கொண்டுவந்தான். முதுகெலும்பு முறிந்திருந்தது, உதரவிதானம் கிழிந்து குடல் நெஞ்சுக்குள் ஏறியிருந்தது, ஒவ்வொரு மூச்சுக்கும் வாயைத் திறந்தது. ஊசி போட்டு அனுப்பிவிடலாம் என்றேன். "கொல்ல மாட்டோம்னுதானே டாக்டரம்மா இந்த இடத்தையே ஆரம்பிச்சீங்க?" என்று அவன் கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை, கண் கலங்கிக் கேட்டான். மூன்று காலோடு ஓடும் பூனை எங்களிடம் இருக்கிறது. ஒரு கண் இல்லாதது இருக்கிறது, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் எஃப்ஐவி என்ற பூனைக் கிருமி இருந்தும் வருடக்கணக்கில் நன்றாக வாழும் கிழட்டுக் கடுவன் இருக்கிறது. அவற்றுக்கு நாளை என்று ஒன்று உண்டு. தீர வழியில்லாத வலியை இழுத்துப் பிடித்து வைப்பதைக் கொல்லாமை என்று என்னால் சொல்ல முடியவில்லை. இருந்தாலும் தனியாக முடிவெடுப்பதில்லை. இன்னொரு மருத்துவரும் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான். அந்தத் தம்பி கடைசி வரை அதன் தலையைத் தடவிக்கொண்டிருந்தான். இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறான்.

சரி, கதவை மூடினால் வெளியே இருக்கும் பூனைகளுக்கு என்ன வழி? கருத்தடைதான். தை மாதம் பிறந்த பெட்டைக் குட்டி ஆடியிலேயே சினையாகலாம். சுமார் 63 நாளில் ஈன்றுவிடும், புரட்டாசியில் அதுவும் தாய். பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினைப்படும். நாலு மாதம் ஆன குட்டிக்கே ஆபரேஷன் செய்யலாம். பால் கொடுக்கும் தாயாக இருந்தால் வயிற்றுப் பக்கம் விட்டு விலாவில் கீறிச் செய்கிறோம். அடையாளத்துக்குக் காது நுனியை மயக்கத்திலேயே சிறிது நறுக்கிவிட்டு, பிடித்த இடத்திலேயே விட்டுவிடுவோம். அதன் பிறகு அது அந்த வீட்டு எலியைப் பிடித்துக்கொண்டு, குட்டி போடாமல், அங்கேயே இருக்கும். பூட்டிய வீடுகளுக்கு இதைவிட நல்ல காவல் எனக்குத் தெரியாது.

அப்புறம், குட்டிகளைப் பார்த்தவுடன் தூக்காதீர்கள். தாய் செத்துவிட்டது என்று நாம் நினைக்கும்போது பெரும்பாலும் அது இரை தேடப் போயிருக்கும். குட்டிகளைச் சுற்றி வட்டமாகக் கோலமாவைத் தூவிவிட்டு, ஆள் நடமாட்டமில்லாமல் சில மணி நேரம் விட்டுப் பாருங்கள். தொட்டால் சில்லிட்டிருக்கும் குட்டி என்றால் மட்டும் காத்திருக்க வேண்டாம். முதலில் சூடு கொடுங்கள், சூடேறும் முன் பால் புகட்டாதீர்கள், உடனே கூப்பிடுங்கள்.

போன வாரம் கோத்தமங்கலத்திலிருந்து ஒரு வீட்டுக் காவல்காரர் அழைத்தார். பாத்திர அறையில் மூன்று குட்டிகள், நாலு நாளில் கல்யாணம், வழக்கமான அதே பேச்சு. கோலமாவு இருக்கிறதா என்று கேட்டேன். "இந்த வீட்டுல அதுக்கா பஞ்சம்" என்றார். மறுநாள் விடியும் முன்பே அழைப்பு: "டாக்டரம்மா, மாவு மேல காலடி இருக்கு. போனதும் இருக்கு, வந்ததும் இருக்கு." அந்த அறையைக் கல்யாணம் முடியும்வரை பூட்டி, சாவியை அவரே இடுப்பில் செருகிக்கொள்வதாகவும், தாய் போய்வர ஜன்னலைத் திறந்து வைப்பதாகவும் பேசி முடித்தோம். தினமும் இரண்டு மத்தி மீன் அவர் பொறுப்பு. குட்டிகளுக்கு எட்டு வாரம் ஆனதும் தாயைக் கூண்டில் பிடிக்க நான் போகிறேன்.