கடல்நீரைக் குடித்தவர்களுக்கு என்ன நேர்ந்தது?

1945 ஜூலை 30ஆம் நாள், நள்ளிரவு கடந்த சற்று நேரத்தில், பிலிப்பைன்ஸ் கடலில் சென்றுகொண்டிருந்த இண்டியானாபொலிஸ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலை ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று ஏவிய டார்பிடோக்கள் தாக்கின. பன்னிரண்டே நிமிடங்களில் கப்பல் மூழ்கியது. அதிலிருந்த ஏறத்தாழ 1,200 பேரில் சுமார் 300 பேர் கப்பலோடு போனார்கள். மற்றவர்கள் திறந்த கடலில் மிதந்தார்கள். நான்காம் நாள் அவ்வழியே பறந்த விமானம் ஒன்றின் கண்ணில் அவர்கள் தற்செயலாகப் பட்டார்கள். இறுதியில் உயிர் பிழைத்தவர்கள் 316 பேர் மட்டுமே.

இந்த விபத்தைச் சுறாக்களின் கதையாகவே பலரும் கேட்டிருப்பார்கள். ஆனால் பிழைத்தவர்கள் பின்னர் கூறியவற்றில் என்னை மிகவும் உலுக்கியது வேறொன்று. தாகம் தாங்காமல் கடல்நீரைக் குடித்தவர்களில் சிலர், கப்பல் மூழ்கவே இல்லை, இதோ காலுக்குக் கீழேதான் நிற்கிறது, அதில் நல்ல தண்ணீர் தருகிறார்கள் என்று சொல்லிக்கொண்டே நீருக்குள் இறங்கினார்கள். அருகில் மிதந்தவர்களில் சிலர் அதை நம்பிப் பின்தொடர்ந்தார்கள். அவர்கள் திரும்பி வரவில்லை.

நடுக்கடலில் தத்தளித்தவர்களுக்குப் பித்துப் பிடித்த கதைகள் கப்பற்பயணம் அளவுக்கே பழையவை. படகிலிருந்து எழுந்து, வீட்டுக்குப் போய் வருகிறேன் என்பதுபோலக் கடலுக்குள் கால் வைத்தவர்களைப் பற்றி மாலுமிகள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். கடலின் மாயம் என்று நெடுங்காலம் கருதப்பட்ட இந்தப் பித்துக்கு, உடலுக்குள் நடக்கும் ஓர் எளிய உப்புக் கணக்கே பெரும்பாலும் காரணமாக இருந்திருக்கிறது.

அந்தக் கணக்கைப் பார்ப்போம். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. நம் உடல் திரவங்களின் உப்புத்தன்மையோ லிட்டருக்கு ஏறத்தாழ 9 கிராம் அளவுக்கு நிகரானது. அதிலிருந்து சற்று விலகினாலும் உடல் தாங்காது. ஆகவே உள்ளே வந்த மிகுதி உப்பைச் சிறுநீரகம் வெளியேற்றியாக வேண்டும். உப்பை உப்பாகவே வெளியேற்ற அதனால் முடியாது. நீரில் கரைத்துத்தான் அனுப்ப முடியும். மனிதச் சிறுநீரகம் தன் முழுத் திறனையும் காட்டினாலும், ஒரு லிட்டர் சிறுநீரில் 20 கிராம் உப்பைக் கரைப்பதற்குள் திணறிவிடும். அப்படியானால் ஒரு லிட்டர் கடல்நீரோடு உள்ளே சென்ற 35 கிராம் உப்பை வெளியேற்ற, ஒன்றே முக்கால் லிட்டர் சிறுநீர் வேண்டும். ஒரு லிட்டர் குடித்தவர் முக்கால் லிட்டரை இழக்கிறார். அந்த முக்கால் லிட்டர், ஏற்கெனவே வறண்டுகொண்டிருக்கும் அவருடைய உடலிலிருந்தே எடுக்கப்படுகிறது. கடல்நீரில் உள்ள மக்னீசியமும் சல்ஃபேட்டும் வயிற்றுப்போக்கை உண்டாக்குவதால், இழப்பு இந்தக் கணக்கோடு நிற்பதும் இல்லை.

சிறுநீரகத்துக்கு ஏன் இந்த வரம்பு? ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ பத்து லட்சம் நுண்குழல்கள் உள்ளன. அவற்றில் கொண்டை ஊசிபோல் வளைந்து திரும்பும் ஹென்லே வளைவு என்ற பகுதிதான், சுற்றியுள்ள திசுவில் உப்பைச் சேர்த்து வைத்து, அதன் ஈர்ப்பால் சிறுநீரிலிருந்து நீரை மீட்டு உடலுக்குத் திருப்பித் தருகிறது. எவ்வளவு நீரை மீட்க முடியும் என்பது அந்த வளைவுகளின் அமைப்பைப் பொறுத்தது. பாலைவனத்தில் வாழும் கங்காரு எலிக்கு இந்த ஏற்பாடு மிகவும் வலுவானது. கடல்நீரைக் குடித்தும் அதனால் வாழ முடிகிறது. கடற்பறவைகளும் கடலாமைகளும் வேறு வழி கண்டிருக்கின்றன. அவற்றின் தலையில் உள்ள உப்புச் சுரப்பிகள், கடல்நீரைவிட அடர்த்தியான உப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக வெளியேற்றுகின்றன. கரையேறிய ஆமையின் கண்ணில் வழிவதும் அந்த உப்புநீர்தான். நமக்கு இவை எதுவும் வாய்க்கவில்லை.

இனி, மூளைக்கு வருவோம். உப்புக் குறைவான பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்துக்கு, இடையிலுள்ள மென்சவ்வைக் கடந்து நீர் நகர்வதைச் சவ்வூடு பரவல் என்கிறோம். கடல்நீர் குடித்தவரின் இரத்தத்தில் சோடியம் ஏறும்போது, உடலின் ஒவ்வொரு செல்லிலிருந்தும் நீர் வெளியே இழுக்கப்படுகிறது. மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ் இதை உடனே உணர்ந்து தாகத்தைக் கூட்டுகிறது. எனவே குடிக்கக் குடிக்கத் தாகம் ஏறுகிறது. அவர் மேலும் குடிக்கிறார். ஒரு கட்டத்தில் மூளைச் செல்கள் சுருங்கத் தொடங்குகின்றன. முதலில் எரிச்சலும் சோர்வும், பிறகு குழப்பமும் இல்லாததைக் காண்பதும், இறுதியில் வலிப்பும் நினைவிழப்பும் வருகின்றன. காலடியில் கப்பலைக் கண்ட மாலுமி பொய் சொல்லவில்லை. நீரை இழந்து சுருங்கிய அவருடைய மூளைக்கு அது உண்மையாகவே தெரிந்தது.

இரண்டாம் உலகப்போரில் மூழ்கிய கப்பல்களிலிருந்து படகுகளிலும் மிதவைகளிலும் தப்பியவர்களைப் பற்றிய பதிவுகளைப் பிரித்தானிய ஆய்வாளர்கள் பின்னர் தொகுத்து ஆராய்ந்தார்கள். அத்தகைய 163 பயணங்களைப் பார்த்தபோது, கடல்நீர் குடிக்கப்பட்ட படகுகளில் ஏறத்தாழ 39 விழுக்காட்டினரும், குடிக்கப்படாத படகுகளில் ஏறத்தாழ 3 விழுக்காட்டினரும் இறந்திருந்தார்கள். தாகம் முற்றியவர்கள்தாம் கடல்நீரை நாடியிருப்பார்கள் என்பதால், இந்த வேறுபாடு முழுவதையும் கடல்நீரின் தலையில் சுமத்திவிட முடியாது. ஆனாலும் சிறுநீரகக் கணக்கோடு சேர்த்துப் பார்க்கும்போது இந்த எண்கள் ஐயத்துக்கு அதிக இடம் வைப்பதில்லை.

பிழைத்தவர்கள் பிழைத்தது எப்படி என்பதுதான் இந்தக் கதைகளில் நான் திரும்பத் திரும்ப வியக்கும் பகுதி. 1942 நவம்பரில் தென் அட்லாண்டிக்கில் தன் கப்பல் மூழ்கடிக்கப்பட்ட பின், பூன் லிம் என்ற சீனக் கப்பல் பணியாளர் ஒரு மர மிதவையில் தனியாக 133 நாள்கள் இருந்தார். உயிர்காப்பு அங்கியின் கித்தான் துணியில் மழைநீரைப் பிடித்தார். கைவிளக்கின் கம்பியை வளைத்துத் தூண்டில் செய்து மீன் பிடித்தார். புயலொன்று அவருடைய நீரையும் உலர்த்தி வைத்த மீனையும் கெடுத்துவிட்டபோது, பறவையொன்றைப் பிடித்து அதன் இரத்தத்தைக் குடித்தார். கேட்கவே கூசும் இந்தச் செயலில் அறிவியல் இருக்கிறது. பறவையின் இரத்தத்தில் உப்பு ஏறத்தாழ நம் இரத்தத்தில் உள்ள அளவுதான். மீனும் அப்படியே. கடல்நீரை விழுங்கி வாழும் மீன், மிகுதி உப்பைச் செவுள்கள் வழியாக வெளியே தள்ளிவிடுவதால், அதன் உடல் திரவத்தில் கடல்நீரின் உப்பில் மூன்றில் ஒரு பங்கே இருக்கிறது. ஒவ்வொரு மீனும் நீந்தித் திரியும் ஒரு குடிநீர் நிலையம் என்றே சொல்லலாம். சுறா, திருக்கை போன்றவை விலக்கு. அவை புரதத்தின் கழிவான யூரியாவைத் தம் உடலில் சேர்த்து வைத்துக் கடல்நீரோடு சமன் காண்கின்றன.

மீனிலும் ஒரு கண்ணி உண்டு. அதன் புரதம் செரிக்கும்போது உண்டாகும் யூரியாவை வெளியேற்றவும் நீர் வேண்டும். அதனால்தான் குடிக்க நீர் இல்லையென்றால் உண்ணவும் வேண்டாம் என்று கடற்பயணிகளுக்குச் சொல்லித் தருகிறார்கள்.

1972இல் கலாபகோஸ் தீவுகளுக்கு மேற்கே ஓர்கா திமிங்கிலங்கள் தாக்கிப் படகை இழந்த ராபர்ட்சன் குடும்பத்தினரும் அவர்களுடன் இருந்த இளைஞர் ஒருவருமாக ஆறு பேர், 38 நாள்கள் தாக்குப்பிடித்தார்கள். மழைநீரும் ஆமை இரத்தமும் அவர்களைக் காத்தன. அவர்கள் தப்பியேறிய சிறுபடகின் அடியில் தேங்கி, ஆமையின் இரத்தமும் கழிவும் கலந்துபோன மழைநீரைக் குடித்தால் வாந்தி வரும். செவிலியராக இருந்த தாய் லின், அதை வீணாக்காமல் குழாய் வழியாக மலக்குடலுக்குள் செலுத்தினார். பெருங்குடலின் இயல்பான வேலைகளில் ஒன்றே நீரை உறிஞ்சுவதுதான். நாவும் வயிறும் மறுத்ததை அது ஏற்றுக்கொண்டது. கடல்நீரை இப்படிச் செலுத்தியிருந்தால் குடலிலும் அதே உப்புக் கணக்குதான் நடந்திருக்கும்.

1982இல் அட்லாண்டிக்கில் 76 நாள்கள் மிதவையில் இருந்த ஸ்டீவன் கலஹன், சூரிய வடிப்பானை நம்பினார். அது காற்றடைத்த ஒரு பிளாஸ்டிக் பலூன். உள்ளே ஒரு கருந்துணி. அதன்மேல் கடல்நீர் மெல்லச் சொட்டும். வெயிலில் நீர் ஆவியாகிப் பலூனின் உட்சுவரில் துளிகளாகப் படிந்து, வழிந்து, அடியில் உள்ள பையில் சேரும். உப்பு துணியிலேயே தங்கிவிடும். ஒரு லிட்டர் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 24 லட்சம் ஜூல் ஆற்றல் வேண்டும் என்பதால், தலையணை அளவுள்ள பலூன் தரும் நீர் மிகக் கொஞ்சமே. ஓர் அலை குலுக்கினால் உப்பு கலந்து அதுவும் பாழாகும். அவருக்கு நாளொன்றுக்குக் கிடைத்தது ஏறத்தாழ அரை லிட்டர். மூச்சிலும் தோலிலும் மட்டுமே உடல் அதைவிடக் கூடுதலாக இழக்கிறது. மீனின் ஈரமும், உடற்கொழுப்பு எரியும்போது உள்ளேயே உண்டாகும் நீரும் சேர்ந்துதான் அவரைக் கரை சேர்த்தன. அதற்குள் உடல் எடையில் மூன்றில் ஒரு பங்கு போயிருந்தது.

கடல்நீரைச் சிறிது சிறிதாகக் குடிக்கலாம் என்று வாதிட்டவரும் உண்டு. பிரெஞ்சு மருத்துவர் அலன் பொம்பார், 1952இல் காற்றடைத்த படகில் அட்லாண்டிக்கைத் தனியாகக் கடந்து, மீன்சாற்றோடு கடல்நீரையும் குடித்துப் பிழைத்ததாகக் கூறினார். அவருடைய துணிவை நான் மதிக்கிறேன். முடிவை ஏற்க முடியவில்லை. மீன்சாறும் மழைநீரும் தந்த மிச்சத்தில்தான் அந்த உப்பு வெளியேறியிருக்க வேண்டும். சில ஆண்டுகளில் அதே கடலைச் சிறு படகுகளில் இருமுறை கடந்த ஜெர்மானிய மருத்துவர் ஹன்னஸ் லிண்டமன், கடல்நீர் உதவாது என்றே எழுதினார். கடல்நீருக்கு உள்ள நல்ல பயன் உடலுக்கு வெளியேதான்: உச்சிவெயிலில் ஆடையை அதில் நனைத்துக்கொண்டால், வியர்வைக்குப் பதில் அது ஆவியாகி உடலைக் குளிர்விக்கும்.

1989இல் பசிபிக்கில் திமிங்கிலங்களால் படகை இழந்த பட்லர் தம்பதியிடம், கையால் இயக்கும் சிறு பம்ப் ஒன்று இருந்தது. சவ்வூடு பரவலில் உப்புநீர் நீரைத் தன் பக்கம் இழுக்கும் விசையைச் சவ்வூடு அழுத்தம் என்கிறோம்; கடல்நீருக்கு அது ஏறத்தாழ 27 வளிமண்டல அழுத்தம். அதைவிட மிகுந்த அழுத்தத்தோடு கடல்நீரை ஒரு மென்சவ்வின்மீது தள்ளினால், நீர் மட்டும் மறுபக்கம் கடக்கும், உப்பு நின்றுவிடும். இண்டியானாபொலிஸ் மாலுமிகளின் மூளையிலிருந்து நீரை உறிஞ்சிய அதே விதி, இங்கே கை வலிமையால் தலைகீழாகத் திருப்பப்படுகிறது. மழைக்குக் காத்திராமல், நாள்தோறும் அந்தப் பம்பின் பிடியை மேலும் கீழும் இழுத்தே, அவர்கள் இருவரும் 66 நாள்கள் குடிநீர் எடுத்தார்கள்.